பிரதி எடுத்தவர்கள்

பங்குக் கோயில் அலுவலகத்தில் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆயரின் சுற்றுமடல் வந்தால் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் ஓட்டி, கிளைக் கோயில்களுக்கு அனுப்புவேன். அதனாலோ என்னவோ, ஜெர்மனியின் மூன்ஸ்டர் ஆயர் ஃபான் காலனைப் பற்றிப் படித்தபோது, அவர் பேச்சை அடித்துப் பரப்பியவர்கள் மேல்தான் என் மனம் போயிற்று.

1941 ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஹிட்லரின் படை ரஷ்யாவுக்குள் புகுந்து ஆறு வாரம். லாம்பெர்ட்டி கோயிலில் காலன் மறையுரை ஆற்றினார். மனநோயாளிகளை அரசே கொல்கிறது என்று பட்டவர்த்தனமாகச் சொன்னார். கொலைக் குற்றமென்று தாம் புகார் கொடுத்ததையும் சொன்னார். உழைக்க முடியாதவரைக் கொல்லலாம் என்றால், போரில் ஊனமாகித் திரும்பும் சிப்பாய்க்கும் நாளை அதே கதிதானே என்று கேட்டார். அவரைத் தூக்கிலிட வேண்டுமென்று நாஜிகளில் சிலர் துடித்தார்கள். கோயபல்ஸ் கணக்குப் போட்டார்: ஆயரைத் தொட்டால் வெஸ்ட்ஃபாலியா மக்கள் போருக்கு ஒத்துழைக்க மாட்டார்கள், போர் முடியட்டும்.

ஆக, பதவி ஆயருக்குக் கவசமாயிற்று. கார்பன் தாள் வைத்து அடித்தவருக்கு என்ன கவசம்? தட்டச்சு மெஷினே ஆளைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் மெஷினில் 'ழ' எப்போதும் கொஞ்சம் மேலே ஏறித்தான் விழும். தாளைப் பார்த்தாலே எங்கள் ஆபீஸ் என்று தெரிந்துவிடும். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்றும் தட்டச்சர் சொல்ல முடியாது.

ல்யூபெக் நகரில் பிராசெக், லாங்கெ, ம்யூல்லர் என்ற மூன்று கத்தோலிக்கக் குருக்களும், லுத்தரன் போதகர் ஸ்டெல்பிரிங்கும் அந்த மறையுரையைக் கைமாற்றினார்கள். 1943 நவம்பர் 10 அன்று ஹாம்பர்க் சிறையில், சில நிமிட இடைவெளியில், நால்வர் தலையும் கில்லட்டினில் வெட்டப்பட்டது. ஆயரோ போருக்குப் பின் கர்தினாலாகி, 1946இல் நோயுற்று இறந்தார்.

அப்படியானால் அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்க ஆயருக்கு யார் உரிமை கொடுத்தது? நியாயமான கேள்விதான். ஆனால் மனநோயாளிகளின் கொலைகள் 1940 கோடையிலேயே அவர் காதுக்கு எட்டியிருந்தன. என்ன செய்யலாம் என்று ஜெர்மன் ஆயர்களின் தலைவரான கர்தினால் பெர்ட்ராமுக்கு எழுதினார். நிதானம் காக்கச் சொல்லிப் பதில் வந்தது. ஒரு வருடம் போயிற்று. 1941 ஆகஸ்டுக்குள் 70,000 பேருக்கு மேல் நச்சுவாயுவில் மாண்டிருந்தார்கள். அந்த நிதானத்தின் விலையைக் கொடுத்தவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. ல்யூபெக் குருக்கள் விஷயம் வேறு. எதைக் கையில் எடுக்கிறோம் என்று தெரிந்தே எடுத்தார்கள். உங்கள் நன்மைக்காகத்தான் வாய் திறக்கவில்லை என்று ஓர் ஆயர் சொன்னால், அந்தத் தீர்மானத்தை அவர்கள் கையிலிருந்து அவர் பிடுங்கிக்கொள்கிறார். அதைக் கரிசனம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மறையுரைக்குப் பின் ஆகஸ்ட் 24இல் ஹிட்லர் அந்த நச்சுவாயுக் கொலைத் திட்டத்தை நிறுத்தினான். பிறகும் மருத்துவமனைகளில் ஊசி போட்டும் பட்டினி போட்டும் கொன்றார்கள். யூதர்களுக்காகக் காலன் இப்படியொரு மறையுரை ஆற்றவும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காலனுக்கு 2005இல் அருளாளர் பட்டம். மூன்று குருக்களுக்கு 2011இல். போதகருக்கு இல்லை, அவர் சபையில் அந்த வழக்கம் கிடையாது. அவர்களோடு பொதுநிலையினர் 18 பேரும் கைதானார்கள். பட்டம் கொடுத்த இந்த வரிசை எனக்கு ஒப்பவில்லை. மன்றாட்டுமாலையில் பெயர் சேர்க்கும் வேலையை என்னிடம் விட்டால் அந்தப் பதினெட்டுப் பேரில் தொடங்குவேன், அப்புறம் போதகர், குருக்கள். ஆயர் கடைசியில் வரட்டும்.