இடைகழியில் இன்னும் இடம் உண்டு

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



பணி ஓய்வு பெற்றவர்கள் ஒன்றுகூடினால் என்ன பேசுவார்கள் என்று தேவரீர் அனைவரும் அறிவீர்கள். ஓய்வூதியம், சர்க்கரை அளவு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், மறைந்து போன ஆசிரியர்கள் ஆகியவற்றைச் சுற்றியே பேச்சு ஓடும். இவற்றைப் பேசிப் பேசி மகிழ்வதில் குற்றமுண்டா, பழைய நண்பர்களோடு கூடியிருக்கும் சுகம் ஆத்மாவுக்கு உதவுமா அல்லது வெறும் லௌகிகம்தானா என்ற கேள்வி அடியேன் மனத்தில் வெகுநாளாக இருந்து வந்தது. வாழ்நாளெல்லாம் வரவையும் செலவையும் இரு பக்கமாக எழுதியே பழகியவன் அடியேன். இந்தச் சுகத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. ஆழ்வார்கள் சரித்திரத்தைப் புரட்டியபோது, நம் ஸம்ப்ரதாயத்தில் திவ்யப் பிரபந்தமே ஒரு நண்பர் கூட்டத்தில்தான் பிறந்தது என்பது நினைவுக்கு வந்தது.

பொய்கையாழ்வார் அவதரித்தது நம் காஞ்சியில், திருவெஃகாவில் உள்ள பொய்கையில். பூதத்தாழ்வார் திருக்கடல்மல்லையிலும், பேயாழ்வார் மயிலையிலும் அவதரித்தனர். மூவருடைய திருநக்ஷத்திரங்களும் ஐப்பசி மாதத்தில் திருவோணம், அவிட்டம், சதயம் என்று அடுத்தடுத்த நாள்களில் வருகின்றன. ஆயினும் ஒருவரையொருவர் அறியாமலேயே மூவரும் திவ்யதேசங்களை ஸேவித்துக்கொண்டு சஞ்சரித்தனர். அவர்களை ஒன்று சேர்த்தது திருக்கோவலூரில் பெய்த ஒரு மழை.

இரவு வேளையில் மழைக்கு ஒதுங்கிய பொய்கையாழ்வார், மிருகண்டு முனிவருடைய ஆசிரமத்தின் இடைகழியில் படுத்திருந்தார். வாசலுக்கும் உள்ளிடத்துக்கும் நடுவே உள்ள குறுகிய வழியே இடைகழி. நம் வீடுகளில் ரேழி என்று வழங்குவது இதுவே. சற்று நேரத்தில் பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுப்பதற்குப் போதுமான இடத்தில் இருவர் உட்காரலாம் என்று சொல்லிப் பொய்கையார் எழுந்து உட்கார்ந்தார். பிறகு பேயாழ்வார் வந்தார். இருவர் உட்கார்ந்த இடத்தில் மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றனர். அந்த இருளில், கதவு திறவாமலே, நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர். நெருக்குபவர் யார் என்று அறிய விளக்கு வேண்டியிருந்தது. பொய்கையார் இவ்வுலகையே விளக்காக ஏற்றினார். பூதத்தார் தம் அன்பையே விளக்காக ஏற்றினார். அந்த இரு விளக்குகளின் ஒளியில் பேயார் பிராட்டியோடு கூடிய எம்பெருமானைக் கண்டார். ஆளுக்கு நூறு பாசுரமாக முதல், இரண்டாம், மூன்றாம் திருவந்தாதிகள் நமக்குக் கிடைத்தன.

இந்தச் சரித்திரத்தில் நாம் பெரும்பாலும் விளக்குகளையே அநுபவிக்கிறோம். விளக்கு ஏற்றப்படுவதற்கு முன்னால் நடந்ததைச் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும். படுத்திருந்தவர் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் நின்றார். கூட்டத்தில் ஒருவர் சேரும்போதெல்லாம் ஏற்கெனவே இருந்தவர் தம் சௌகரியத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார். உள்ளே இருப்பவர், தம் இடம் குறைகிறதே என்று நினைக்கவில்லை. எழுந்து நின்ற பிறகுதான் எம்பெருமான் உள்ளே வந்தான். மூவடியால் உலகளந்தவன், மூவர் நின்ற ரேழியில் தனக்கும் ஓர் இடம் வேண்டி நெருக்கிக்கொண்டு நின்றான். நம் ஊர்த் தூப்புலில் அவதரித்த வேதாந்த தேசிகன், தேஹளீச ஸ்துதியில் இந்த நெருக்கத்தைக் கரும்பாலைக்கு ஒப்பிடுகிறார். மூன்று உருளைகளின் நடுவே அகப்பட்ட கரும்பிலிருந்து சாறு பெருகுவதுபோல, மூன்று ஆழ்வார்கள் நெருக்கியபோது எம்பெருமானிடத்திலிருந்து கருணை பெருகியதாம். எட்டி எட்டி நிற்கும் உருளைகளால் சாறு பிழிய இயலாது.

இதை அடியேன் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. வெட்கத்தோடு ஓர் அநுபவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1979-இல் அனந்தஸரஸிலிருந்து அத்தி வரதர் எழுந்தருளியபோது, ஒரே வகுப்பில் படித்த நாங்கள் ஐவரும் ஒன்றாகச் சென்று ஸேவித்தோம். அடுத்த முறை எழுந்தருளும்போது நமக்கு அறுபது வயது ஆகியிருக்கும், அப்போதும் ஐவருமாகவே வருவோம் என்று குளக்கரையில் பேசிக்கொண்டோம். 2019 வந்தது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் உத்ஸவம். ஜூலையில் சயனத் திருக்கோலம், ஆகஸ்டில் நின்ற திருக்கோலம். வரிசையில் நாங்கள் நால்வர்தான் நின்றோம். ஐந்தாமவர் இதே ஊரில், நடந்து போகும் தூரத்தில், தம் தறியில் இருந்தார்.

அவர் பட்டு நெசவாளர். 1994-இல் பட்டுக்கும் ஜரிகைக்குமாக வாங்கிய கடன் நிலுவையில் நின்றது. கடன் கொடுத்த கிளையில் அதிகாரியாக இருந்தவன் அடியேன். விதிப்படி நோட்டீஸ் அனுப்ப வேண்டியதுதான், அதில் பிழையில்லை. ஆனால் பத்து நிமிடம் நடந்து போய் நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முகத்தைப் பார்க்கக் கூச்சம். அதற்கு விதி ஒரு நல்ல திரையாக இருந்தது. அவர் இரண்டு தறிகளில் ஒன்றை விற்றுக் கடனை அடைத்தார். அன்றுமுதல் நாங்கள் பேசவில்லை.

அத்தி வரதர் ஸேவைக்குப் பிறகு நாங்கள் நால்வரும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு, எங்களில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவதென்று ஏற்படுத்திக்கொண்டோம். ஒரு மணி நேரம் பாசுரம், பிறகு சிற்றுண்டி, அதன்பின் பேச்சு. இனிமையாகத்தான் இருந்தது. ஓர் ஐப்பசியில் முதல் திருவந்தாதி வாசிக்கத் தொடங்கி, இடைகழிச் சரித்திரத்தை அடியேன்தான் விரிவாகச் சொன்னேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: "அவர்கள் மூவரும் எழுந்து நின்றார்கள். நாம் நால்வரும் இன்னும் படுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவன் எங்கேடா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். ஐப்பசி மழை. கதவு திறந்திருந்தது, உள்ளே குழித்தறியில் அவர் அமர்ந்திருந்தார். வாசலில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நனையாதே, நடைக்கு வா" என்றார். வரிசை முடியும் வரை காத்திருந்தேன். பிறகு அவர் சொன்னார்: "கடன் கடன்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் காகிதத்தில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் என் நோட்டில் கணக்குப் போட்டுக் கொடுப்பாயே, அதே எழுத்து. அதைத்தான் தாங்க முடியவில்லை." மன்னிப்புக் கேட்பதற்கு அடியேன் தயாராக்கிக்கொண்டு போயிருந்த வாக்கியங்கள் ஒன்றும் உதவவில்லை. "தப்பு என்னுடையது" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

எம்பெருமானும் பழைய நண்பர் ஒருவரோடு மழையைப் பற்றிப் பேசியிருக்கிறான். ஸ்ரீபாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில் குசேலர் துவாரகைக்கு வருகிறார். கண்ணன் பிராட்டியோடு அமர்ந்திருந்த கட்டிலை விட்டு எழுந்து ஓடிவந்து தழுவுகிறான். அந்தக் கட்டிலிலேயே அவரை உட்காரவைத்துத் திருவடி விளக்குகிறான். பிறகு அவன் பேசுவது வேதாந்தம் அன்று. ஸாந்தீபனி முனிவரிடம் படித்த நாள்கள். குருபத்தினி விறகு கொண்டுவர அனுப்பியது, காட்டில் காலமல்லாக் காலத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது, மேடு பள்ளம் தெரியாத இருட்டில் இருவரும் கைகோத்துத் திரிந்தது, விடிந்ததும் குரு தேடிவந்து கண்டது ஆகியவற்றை எல்லாம் அவனே நினைவூட்டுகிறான். பழைய நண்பரோடு பழைய கதை பேசும் சுகம் லௌகிகம் என்றால், அதை ஸாக்ஷாத் பகவானே விரும்பி அநுபவித்திருக்கிறான் என்று கொள்ள வேண்டும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழை நண்பர் அவலை மறைத்து வெட்கி நின்றார். செல்வன்தான் எழுந்து ஓடினான். வெட்கப்படுகிறவர் முதலில் வரட்டும் என்று கண்ணன் காத்திருக்கவில்லை. அடியேன் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தேன்.

இன்னும் ஒரு படி மேலே சொல்வதற்கு நம் திருவெஃகாவே இருக்கிறது. திருமழிசையாழ்வாருடைய சீடர் கணிகண்ணனை, தன்னைப் பாட மறுத்ததற்காகப் பல்லவ மன்னன் ஊரை விட்டுப் போகச் சொன்னான். சீடர் புறப்பட்டார்; அவர் இல்லாத ஊர் வேண்டாமென்று ஆழ்வாரும் புறப்பட்டார்; நீயும் வா என்று ஆழ்வார் அழைக்க, எம்பெருமான் தன் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தான். அன்றிரவு மூவரும் தங்கிய இடமே ஓரிக்கை என்பது நாம் அறிந்தது. மன்னன் ஓடிவந்து வேண்டிக்கொண்ட பின்பே மூவரும் திரும்பினர். சொன்னபடி செய்ததனால் எம்பெருமானுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்றும், யதோக்தகாரி என்றும் திருநாமம். கூட்டத்தில் ஒருவர் வெளியேற்றப்பட்டால், எஞ்சியிருப்பவர்களோடு பெருமாள் தங்குவான் என்று நாம் நினைக்கிறோம். திருவெஃகாவில் அவன் வெளியேற்றப்பட்டவரோடு அல்லவா போனான்!

ஆக, பொய்கையார் படுக்கையை விட்டெழுந்தார். கண்ணன் கட்டிலை விட்டெழுந்தான். திருவெஃகாவில் கிடந்தவன் பாயையே சுருட்டினான். திருப்பாவையிலும் ஆண்டாள் நோன்புக்குத் தனியே போய்விடவில்லை. ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை பத்துப் பாசுரங்களை வீடுவீடாகச் சென்று தோழியரை எழுப்புவதற்கே செலவிடுகிறாள். இன்னும் தூங்குகிறவளை விட்டுவிட்டுப் போனால் என்ன என்று அக்கூட்டத்தில் ஒருத்தியும் நினைக்கவில்லை. எழுப்பப்படாதவள் ஒருத்தி இருக்கும் வரை கோஷ்டி நிறைவு பெறவில்லை என்பதே அவர்கள் துணிவு.

எங்கள் நண்பர் இப்போது வருகிறார். ஆனால் அவர் வருவதற்கு நாங்களும் சற்று எழுந்திருக்க வேண்டியிருந்தது. காலை 10 மணி ஓய்வூதியக்காரர்களுக்குச் சௌகரியம். வெளிச்சத்தை நம்பி நெய்கிறவருக்கு அன்று. எனவே விளக்கு வைத்த பிறகு, தறி நின்ற பிறகு, கூடுகிறோம். பிள்ளைகளின் வெளிநாட்டுப் பெருமை பேச்சில் தானாகவே குறைந்தது. யாரும் சொல்லிக் குறைக்கவில்லை. கேட்கும் முகம் ஒன்று எதிரே இருந்ததால் குறைந்தது.

அவர் வந்த பிறகு எங்கள் பாசுர அநுபவமும் மாறியது. ஒருநாள் கோர்வைச் சேலையைப் பற்றி விளக்கினார். உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கு வேறு நிறம் என்று நெய்யும்போது மூன்று நாடா வேண்டுமாம். ஒருவர் மட்டும் அமர்ந்து மூன்றையும் எறிய முடியாது. ஓரத்துக் கரைக்கு அருகில் இன்னொருவர் உட்கார்ந்து எறிந்து தர வேண்டும். உடலும் கரையும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் சேர்த்த இடம் பிரியாது என்றார். "உங்கள் அந்தாதியும் அப்படித்தானே? ஒரு பாட்டின் கடைசிச் சொல்லை அடுத்த பாட்டு பிடித்துக்கொள்கிறது" என்று அவர் கேட்டபோது, அத்தனை ஆண்டு அந்தாதி வாசித்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் இல்லாமல் நாங்கள் இழந்தது ஒரு நண்பரை மட்டும் அன்று என்பது அன்றுதான் புரிந்தது.

அன்பர்களே! அத்தி வரதர் அடுத்து எழுந்தருள்வது 2059-இல். அப்போது அடியேனுக்கு நூறு வயது ஆகும். எங்கள் ஐவரில் எவரும் அந்த வரிசையில் நிற்கப்போவதில்லை. நாற்பது ஆண்டு தவணை எடுத்துக்கொள்ள எம்பெருமானால் முடியும், நம்மால் முடியாது. நட்பில் நிலுவை இருந்தால் இந்த மாதமே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

தேவரீர் கூடும் கோஷ்டி எதுவாயினும், அது பாசுர கோஷ்டியோ, பள்ளித் தோழர் கூட்டமோ, ஒன்றாய் வேலை பார்த்தவர் சந்திப்போ, அடுத்த முறை உட்கார்ந்ததும் வந்திருப்பவர்களை எண்ணுவதற்கு முன்னால் வராதவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கூடி மகிழும் சுகத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்ற என் பழைய கேள்விக்கும் இதுவே விடையாகத் தோன்றுகிறது. வாசலில் நிற்பவருக்காக உள்ளே இருப்பவர் எழுந்திருக்கும் கூட்டம் எதுவோ, அதில் எம்பெருமானும் வந்து நெருக்குவான். அப்படிப்பட்ட கூட்டத்தின் மகிழ்ச்சியை அவன் கணக்கிலேயே எழுதிவிடலாம்.

முதலாழ்வார்கள் திருவடிகளே சரணம்.
சொன்னவண்ணம் செய்த பெருமாள் திருவடிகளே சரணம்.

அடியேன்.