விசுவாசியாத பிள்ளைக்கு வீட்டில் இடம் உண்டா?

நெய்யாறு கடலோடு கலக்கும் பொழிமுகத்தை அடுத்த பொழியூரிலும், அங்கிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை பரந்துள்ள எல்லைக் கிராமங்களிலும் கிறிஸ்தவம் நேற்று வந்த மார்க்கமன்று. கடற்கரையில் கத்தோலிக்க ஆலயங்களும், உட்பகுதியில் லண்டன் மிஷனரி சங்கத்தின் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களும் தலைமுறைகளாக நிற்கின்றன. தமிழும் மலையாளமும் ஒன்றாய்ப் புழங்கும் இந்த வீடுகளில், சபையாரிடம் சொல்லக் கூசிப் பெற்றோர் மறைத்துவைக்கும் ஒரு துக்கம் உண்டு. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு பெற்ற மகன், படித்து வேலைக்குச் சென்றபின் ஒருநாள், "எனக்கு விசுவாசம் இல்லை அம்மா; இனி என்னை ஆலயத்துக்கு அழைக்க வேண்டாம்" என்கிறான். வேறு சில வீடுகளில் அவ்வாறு சொல்பவள் மகள், சிலவற்றில் கணவனே. அவர்களோடு நாம் எவ்விதம் வாழ்வது?

இதற்கு விடை தேடுமுன் நம் முன்னோரை நினைத்துப் பார்ப்பது நலம். பாறசாலைக்குக் கிழக்கே நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழியின் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. மயிலாடி மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரையாகச் சென்றவர்; தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். இவர்கள் பெற்றோர் வணங்கிய தெய்வத்தை விட்டு வந்தவர்கள் என்பதை நாம் பெருமையாய்ச் சொல்லுகிறோம். அதே நிகழ்ச்சியை அந்தப் பெற்றோரின் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்ப்பவர் குறைவு. அக்காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற பலருக்குப் பின்னால், "குலதெய்வத்தை விட்டானே" என்று மார்பில் அடித்துக்கொண்ட ஒரு தாய் இருந்திருப்பாள்.

உறவினர் அன்று கையாண்ட ஆயுதங்களை நாம் அறிவோம்: பந்தியில் இடம் மறுப்பது, பாகம் மறுப்பது, சாவுக்கும் வாழ்வுக்கும் சேர்க்காமல் விலக்குவது. 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம், மதம் மாறியதனால் ஒருவன் சொத்துரிமையை இழப்பதில்லை என்று பிரிட்டிஷ் இந்தியாவில் விதித்தது. மிஷனரிகள் அதனை வரவேற்றார்கள். தேவனைத் தேடும் மனச்சாட்சிக்கு விலை வைக்கலாகாது என்பதே அவர்களுடைய வாதமாயிருந்தது. அப்படியானால், விசுவாசத்தை விட்ட மகனுக்குப் பாகமில்லை என்று இன்று ஒரு கிறிஸ்தவத் தகப்பன் உயில் எழுதுவானாகில், அவன் எந்தப் பக்கத்தில் நிற்கிறான்? நமக்கு வந்தபோது சுயாதீனம் என்று போற்றியதை, நம்மைவிட்டுப் போகும்போது துரோகம் என்று தூற்றுவது நீதியன்று. நம் பிள்ளைகள் எடுத்த முடிவு தவறானது என்றே நான் நம்புகிறேன். ஆயினும் முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது.

வேதமும் இதற்கு மாறாகப் பேசவில்லை. லூக்கா 15-ஆம் அதிகாரத்தைக் கூர்ந்து வாசியுங்கள். காணாமற்போன ஆட்டை மேய்ப்பன் தேடிப்போய்த் தோள்மேல் சுமந்து வருகிறான். காணாமற்போன வெள்ளிக்காசுக்காக ஒருத்தி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். இளைய குமாரனையோ, தகப்பன் தேடிப்போய்த் தூக்கி வரவில்லை. ஆட்டுக்கும் காசுக்கும் சித்தம் என்று ஒன்று இல்லை, மகனுக்கு உண்டு. தகப்பன் பாகத்தைப் பிரித்துக் கொடுக்கிறான், போகவிடுகிறான். ஆனால் தூரத்தில் வரும்போதே கண்டுகொள்கிறான். வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குத்தான் அது கூடும். மாற்கு 10-இல் ஆண்டவரும், துக்கத்தோடு திரும்பிப்போன ஐசுவரியவானிடத்தில் அன்புகூர்ந்தார் என்று வாசிக்கிறோம். அவனை நிறுத்துவதற்காகத் தாம் சொன்னதைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை, வசைகூறி அனுப்பவும் இல்லை.

மோனிக்கா அம்மையாரைக் குறித்து நம் பிரசங்கங்களில் அவருடைய கண்ணீரை மட்டுமே கேட்கிறோம். மகன் அகுஸ்தீன் மானி மதத்தைத் தழுவியபோது, அவர் முதலில் செய்தது வேறு. தம் வீட்டில் தம்மோடு ஒரே பந்தியில் உண்ண அவனை அனுமதியாமல் விலக்கினார். பின்பு கண்ட ஒரு சொப்பனத்தினால் ஆறுதல் பெற்று, மீண்டும் சேர்த்துக்கொண்டார். அந்நாட்களில், மகனோடு வாதாடும்படி ஒரு பேராயரைக் கெஞ்சினார். இளமையில் தாமும் அதே மதத்தில் வளர்ந்திருந்த அப்பேராயர் மறுத்துவிட்டார். அவன் இப்போது கேட்கும் நிலையில் இல்லை, நீ ஜெபம் மட்டும் செய், வாசிக்க வாசிக்க அவனே கண்டுகொள்வான் என்பது அவருடைய ஆலோசனை. 383-இல் தாயை ஏமாற்றிவிட்டு அகுஸ்தீன் ரோமாபுரிக்குக் கப்பலேறினான். 387-இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றான். பந்தியை மீண்டும் திறந்ததற்கும் அந்த ஞானஸ்நானத்துக்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்தன.

நம் வீடுகளுக்கு வருவோம். மாலைக் குடும்ப ஜெபம் நிற்கவேண்டியதில்லை. ஆனால் அடுத்த அறையிலிருக்கும் மகன் கேட்கும்படி, அவனுடைய குறைகளை உரத்த சத்தமாய் ஆண்டவரிடம் அறிக்கையிடுவது ஜெபமன்று. கண்களை மூடிக்கொண்டு கொடுக்கும் வசவு அது. சங்கக் கூட்டத்தில் மகள் பெயரை ஜெபக்குறிப்பாக அறிவிப்பதும், விருந்துக்கென்று அழைத்துவிட்டுப் பிரசங்கியாரை எதிரில் உட்கார வைப்பதும் அவர்களுடைய நம்பிக்கையைக் கெடுக்கும். 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டப்படி மகன் பதிவாளர் முன்னிலையில் மணம் செய்கிறானா? முப்பது நாள் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும் அந்த நாட்களில் வீட்டில் ஒப்பாரி வைக்காமல், மணநாளில் சென்று மருமகளை அழைத்து வாருங்கள். சென்றதனால் நீங்கள் உங்கள் விசுவாசத்தை மறுதலித்ததாகாது. விசுவாசியாத துணையோடு வாழ்பவர்களுக்கு, அவர் கூடிவாழச் சம்மதித்தால் தள்ளிவிடலாகாது என்பதே பவுலின் புத்தி (1 கொரிந்தியர் 7).

அவர்கள் சொல்வதைக் கேட்கவும் வேண்டும். ஆபிரகாம் கோவூர் 1898-இல் திருவல்லாவில் பிறந்தவர். தந்தை மார்த்தோமா திருச்சபையின் விகார் ஜெனரல். மகனோ இலங்கையின் பேர்பெற்ற பகுத்தறிவாளரானார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராயிருந்த அவருக்கு வேதபாட வகுப்பும் கொடுக்கப்பட்டதாம். மாணவர் எல்லோரும் தேறினர். விசுவாசத்தைத்தான் இழந்தனர் என்று, மறு ஆண்டு அவ்வகுப்பு அவருக்குத் தரப்படவில்லை என்பார்கள். 1963-இல், மோசடிக்கு இடமில்லாமல் அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறைகூவினார். தேவனுடைய பெயரால் ஏழைகளை ஏமாற்றுவோரை அவர் வெளிப்படுத்தியதற்கு நாம் வருத்தப்படத் தேவையில்லை. தீர்க்கதரிசிகளும் அதைச் செய்தார்கள். அதற்காக அவரை மறைமுகமான விசுவாசி என்று நம் கணக்கில் சேர்ப்பதும் நேர்மையன்று. அவர் தேவனையே மறுத்தார். 1978-இல் சமயச் சடங்கு எதுவுமின்றி, கண்களையும் உடலையும் தானமாகக் கொடுத்து மறைந்தார். மறுப்பவனுடைய மறுப்பை மறுப்பாகவே ஏற்றுக்கொண்டு பேசுவதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை.

முடிவில் மனந்திரும்புவார்களா என்பதே பெற்றோரை இரவில் எழுப்பும் கேள்வி. ஆண்டவருடைய சொந்தச் சகோதரரும் அவரை விசுவாசியாதிருந்தார்கள் (யோவான் 7:5). பரமேறுதலுக்குப்பின் அவர்கள் மேல்வீட்டு ஜெபத்தில் தாயோடு இருக்கக் காண்கிறோம் (அப்போஸ்தலர் 1:14). இது ஆறுதலான சான்று. எல்லா வீட்டுக்கும் வாக்குத்தத்தம் அன்று. தன் இனத்தாருக்காகத் தானே சபிக்கப்படவும் விரும்பிய பவுல் (ரோமர் 9), அந்தத் துக்கம் தீர்ந்தது என்று எங்கும் எழுதவில்லை.

சில வீடுகளில் மரணம் முந்திக்கொள்ளும். சபையோடு முரண்பட்டிருந்த மலையாள விமர்சகர் எம். பி. பால் 1952-இல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது, பாவிகளுக்கென ஒதுக்கப்பட்ட 'தெம்மாடிக்குழி' என்னும் மூலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நம் கல்லறைத் தோட்டங்களில் அப்படியொரு மூலை இன்னமும் இருந்தால், பெற்ற தாய் அங்கேதான் நிற்பாள். முறைப்படி அடக்க ஆராதனை நடத்த விதி இடந்தராவிட்டாலும், போதகர் அங்கே வந்து அவள் அருகில் நிற்கலாம். சபை மூப்பர்களும் வரலாம்.