பாய்ச்சலுக்குள் அடக்கம்

அஜிலிட்டி எனப்படும் நாய்களுக்கான தடைதாண்டும் போட்டியில் முதல் சோதனை ஓட்டம் தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது. முதல் தடைக்குப் பின்னால் நாயை உட்காரவைத்து, கயிற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதனுடன் ஓட வேண்டியவர் முதுகைக் காட்டியபடி சில மீட்டர் முன்னே நடந்து போகிறார். துடிப்பான பார்டர் கோலி இன நாய் என்றால் அதன் பின்தொடைகள் நடுங்கும். முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து எழுந்து எழுந்து அமரும். தொண்டைக்குள் மெல்லிய முனகல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். சொல் வரும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும். சில நாய்கள் இருந்துவிடுகின்றன. சில, எசமானர் இரண்டாவது தடையை எட்டுவதற்குள் பாய்ந்துவிடுகின்றன. இருந்துவிட்ட நாய் செய்தது என்ன? தன்னைத் தானே அடக்கிக்கொண்டதா, அல்லது பழக்கம் அதைப் பிடித்துவைத்திருந்ததா? தன்னடக்கம் பகுத்தறிவுள்ள உயிருக்கு மட்டுமே உரியதா என்ற பழைய கேள்விக்கு இந்தத் தொடக்கக் கோடு நல்ல உரைகல்.

விளையாட்டின் அமைப்பே இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. 1978-ல் லண்டனில் நடந்த க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு இடையே பார்வையாளர்களை மகிழ்விக்க, குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து உருவாக்கப்பட்டது இது. இருபதளவு தடைகள்: தாண்டும் கம்பிகள், சுரங்கக் குழாய்கள், சீசா, கூரை வடிவச் சாய்தளம், உயரமான நடைபலகை, வரிசையாக நட்ட 12 கம்பங்கள். தடைகளின் வரிசை ஒவ்வொரு போட்டியிலும் மாறும். மனிதர் அதை முன்கூட்டியே நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளலாம். நாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓட்டத்தின்போது நாயைத் தொடக் கூடாது. கையில் தீனியும் இருக்கக் கூடாது, பொம்மையும் கூடாது. குரல், தோளின் திருப்பம், கால் போகும் திசை, இவ்வளவுதான் கருவி. ஆகவே நாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே ஒரு கண்ணைத் தடையிலும் மறு கண்ணை மனிதரிலும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பரபரப்பு இல்லாவிட்டால் வேகம் வராது. அது கூடிப்போனால் கவனம் சிதறிவிடும்.

அரிஸ்டாட்டிலிடம் கேட்டால் நாய்க்குத் தன்னடக்கமும் இல்லை, அதில் தவறுவதும் இல்லை என்று விடை வரும். ‘நிக்கோமாக்கிய அறவியல்’ ஏழாம் பகுதியில், நல்லது எதுவென்று தெரிந்தும் ஆசைக்குப் பணிந்துபோகும் நிலையை அவர் ஆராய்கிறார். அப்படி ஒரு போராட்டம் உள்ளே எழ வேண்டுமானால், ‘இத்தகையது கூடாது’ என்ற பொதுவான முடிவு ஒன்று மனத்தில் இருந்தாக வேண்டும். விலங்குகளுக்குத் தனித்தனிப் பொருள்களின் தோற்றமும் நினைவும் உண்டு, பொது முடிவு கிடையாது. எனவே அவற்றை உறுதி குலைந்தவை என்று சொல்ல இடமில்லை. மூன்றாம் பகுதியில் ஒரு சிறு சலுகையும் தருகிறார்: குழந்தைகளும் விலங்குகளும் தாமாகவே விரும்பிச் செயல்படுகின்றன, ஆனால் ஆராய்ந்து தேர்வதில்லை. ஸ்டோயிக் மரபினர் இந்த அளவுக்குக்கூட இறங்கிவரவில்லை. விலங்குக்கு இருப்பது வெறும் உந்துதல், கோபம் என்று அதைச் சொல்லவும் முடியாது என்பார் செனெக்கா. அவருக்கு முந்திய கிரிசிப்பஸ் உணர்ச்சியை ஓட்டத்தோடு ஒப்பிட்டார். நடப்பவன் நினைத்த இடத்தில் நின்றுவிடுவான். ஓடுபவனின் கால்கள் அவன் நினைப்பை மீறி இன்னும் சில அடி எடுத்துவைத்துவிடும். அளவு கடந்த உந்துதல் அப்படிப்பட்டது என்பது அவர் கருத்து.

இந்த அளவு என்பதை ஆய்வகத்தில் தேடியவர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தார்கள். 1908-ல் ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் எலிகளுக்கு இரண்டு பெட்டிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார்கள். தவறான பெட்டிக்குள் போனால் மின்னதிர்ச்சி. பிரித்தறிவது எளிதாக இருந்தபோது அதிர்ச்சி கூடக் கூடக் கற்றலும் விரைந்தது. கடினமாக இருந்தபோது நடுத்தர அதிர்ச்சியே நன்றாக உதவியது, பலத்த அதிர்ச்சி கெடுத்தது. பரபரப்பையும் செயல்திறனையும் இணைத்துக் கவிழ்த்த கிண்ணம்போல் இன்று பயிற்சி வகுப்புகளில் வரைந்துகாட்டப்படும் கோடு இந்தச் சோதனையின் பெயரால்தான் வழங்குகிறது. வலிக்குப் பயந்த எலிகளைப் பற்றிய முடிவை, மகிழ்ச்சியில் துள்ளும் நாயின்மீது அப்படியே ஏற்றுவது கொஞ்சம் துணிச்சலான காரியம். ஆனால் அதன் இரண்டாம் பாதி களத்தில் கண்கூடு: நேராகத் தாண்டிப் போகும் வரிசையில் கொதித்துக்கொண்டிருக்கும் நாயும் தேறிவிடுகிறது, கம்பங்களுக்குள் சரியான இடைவெளியில் நுழைய வேண்டிய இடத்தில் அதே நாய் தவறிவிடுகிறது.

நாய்களிலேயே செய்யப்பட்ட சோதனை ஒன்று இதைவிடப் பயனுள்ளது. எமிலி பிரே, இவான் மக்லீன், பிரையன் ஹேர் ஆகியோர் 2015-ல் வெளியிட்டது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் தடுப்புக்கு அப்பால் தீனி இருக்கிறது. நேராகப் பாய்ந்தால் தடுப்பில் முட்ட வேண்டும், சுற்றிக்கொண்டு போனால் கிடைக்கும். அழைப்பவர் ஒருமுறை அமைதியான, ஏற்ற இறக்கமில்லாத குரலில் அழைத்தார்; மறுமுறை உயர்ந்த குரலில், கையை ஆட்டி உசுப்பேற்றி அழைத்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கப்பட்ட அமைதியான நாய்கள் உசுப்பேற்றியபோது இன்னும் நன்றாகச் செய்தன. இயல்பிலேயே துள்ளலான வீட்டு நாய்கள் உசுப்பேற்றியபோது தடுமாறின. சரியான அளவு என்று எல்லா நாய்க்கும் பொதுவான ஒன்று இல்லை. ஒரே வார்த்தை, ஒரே உற்சாகம் ஒரு நாயை அதன் உச்சத்துக்கு ஏற்றும், இன்னொன்றை அந்த உச்சத்துக்கு அப்பால் தள்ளிவிடும்.

பௌத்த நூல்களில் இதே கண்டுபிடிப்பு துறவி சோணரின் கதையாக வருகிறது. பாதம் வெடித்து ரத்தம் கசியும்வரை நடைதியானம் செய்து, பலனில்லையே என்று மனம் சலித்தவர் அவர். இல்லறத்தில் அவர் வீணை வாசித்தவர் என்பதை அறிந்த புத்தர், நரம்பை அதிகம் முறுக்கினாலும் தளரவிட்டாலும் இசை வருமா என்று கேட்கிறார். அங்கே மருந்து இறுக்கத்தைத் தளர்த்துவது. ஆர்வமே இல்லாத நாயை வைத்திருப்பவருக்கு மருந்து நேர்மாறானது. களம் புகுமுன் இழுவைப் பொம்மையோடு விளையாடி அதைச் சூடேற்றுவார். துடிப்பான நாயை வைத்திருப்பவர் அந்த நேரத்தில் புல்லில் தீனித் துண்டுகளைத் தூவி மோந்து தேடவிடுவார், அல்லது தரைவிரிப்பில் படுக்கவைத்து மெல்ல வருடுவார். பக்கத்தில் நிற்பவர் தம் நாயை உசுப்பேற்றுகிறார் என்பதற்காகத் தாமும் உசுப்பேற்றுவது அனுபவமில்லாதவர்கள் செய்வது.

துடிப்பான நாயைப் பழக்கும் முறையில் தத்துவம் கவனிக்க வேண்டிய இடம், விலக்கு என்பதே அதில் குறைவு என்பது. அமெரிக்கப் பயிற்சியாளர் லெஸ்லி மெக்டெவிட் 2007-ல் வெளியிட்ட ‘கன்ட்ரோல் அன்லீஷ்டு’ நூலால் பரவிய பயிற்சி ஒன்று இப்படிப் போகிறது. வேறொரு நாய் களத்தில் ஓடுகிறது. அதைப் பார்த்தால் இந்த நாய் குரைத்துக் கயிற்றை இழுக்கும். அந்தப் பார்வையை யாரும் தடுப்பதில்லை. பார்த்த நொடியிலேயே, தீனி வரும் என்பதற்கு அறிகுறியான கிளிக்கர் என்ற சிறு கருவி ஒலிக்கிறது. ஒலி கேட்டதும் தீனிக்காக நாய் தலையைத் திருப்புகிறது. சிலபல தடவைகளுக்குப் பிறகு ஒலிக்கும் காத்திராமல், பார்ப்பதும் திரும்புவதும் ஒரே அசைவாகிவிடுகிறது. கவனத்தைக் கலைத்த பொருளே கவனத்தைத் திருப்பும் குறியாகிறது. தொலைவில் தொடங்கி, நாய் நிதானம் இழக்காத எல்லைக்குள்ளேயே மெல்ல மெல்ல அருகே கொண்டுவர வேண்டும் என்பது இதன் நிபந்தனை. அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

தொடக்கக் கோட்டில் காத்திருப்பதும் இப்படித்தான் கற்பிக்கப்படுகிறது. அதிகம் விரும்பும் செயல், குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக அமையும் என்பதை உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959-ல் எடுத்துக்காட்டினார். காத்திருப்பதற்கு நாய் பெறும் பரிசு ஓட்டமே. அதனால்தான், கோட்டைத் தாண்டிப் பாய்ந்த நாயோடு ‘சரி, போகட்டும்’ என்று எசமானர் தொடர்ந்து ஓடுவது மோசமான பாடமாகிறது: பாய்ந்ததற்கே மிகப் பெரிய பரிசு கிடைத்துவிட்டது. கட உபநிடதத்திலும் பிளேட்டோவின் ‘ஃபீட்ரஸ்’ உரையாடலிலும் வரும் தேரில், குதிரைகள் ஒருபுறம் இழுக்க, அவற்றைத் தன் கையில் அடக்கிவைத்திருப்பவன் தேரோட்டி. திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரமும் கீதையும் காட்டும் ஆமையோ தன் உறுப்புகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கோட்டில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாய் இரண்டுக்கும் பொருந்தவில்லை. அதன் மேல் கடிவாளம் இல்லை. அது புலன்களை உள்ளிழுத்துக்கொண்டதும் இல்லை. ஆறேழு மீட்டர் தொலைவில் இருக்கும் தோள் ஒன்றின்மேல் அவை முழுவதும் குவிந்திருக்கின்றன. ஓட வேண்டும் என்ற ஆசையே அதை உட்காரவைத்திருக்கிறது. ஆசையை எதிர்த்து நிற்க வேறொரு சக்தி வேண்டும் என்ற முன்முடிவை நீக்கிவிட்டால், அரிஸ்டாட்டில் கேட்ட பொது முடிவுக்கு இங்கே வேலை அதிகம் இல்லை.

கிரிசிப்பஸின் ஓடுபவனுக்கும் களத்தில் ஒரு மறுமொழி இருக்கிறது. நடைபலகையிலும் சாய்தளத்திலும் இறங்குமுகத்தின் கீழ்ப்பகுதி வேறு நிறத்தில், பெரும்பாலும் மஞ்சளில், பூசப்பட்டிருக்கும். சர்வதேச விதியில் நடைபலகைக்கு இது கடைசி 90 செ.மீ. உயரத்திலிருந்து குதித்து மூட்டுகள் அடிபடாமல் இருக்க, நாய் அந்தப் பகுதியில் ஒரு பாதமாவது பதித்தாக வேண்டும். தவறினால் 5 குற்றப்புள்ளி. இதைக் கற்பிக்க இரண்டு வழிகள். ஒன்று, பின்னங்கால் பலகையிலும் முன்னங்கால் தரையிலுமாக நாயை நிறுத்திவைப்பது. இது கிரிசிப்பஸ் சொன்ன நடப்பவனின் அடக்கம். நிறுத்த முடிவதே சான்று. மற்றது, வேகத்தைக் குறைக்காமல் பாய்ச்சலின் அளவையே மாற்றி, ஓடுகிற ஓட்டத்தில் பாதம் மஞ்சளில் விழும்படி பழக்குவது. கடினமானது, கற்பிக்க மாதக்கணக்கில் ஆகும், பல நாய்களுக்கு முழுமையாக வருவதுமில்லை. வந்துவிட்ட நாயிடம் நிற்காமலே அடக்கம் இருக்கிறது. அளவு மீறாத உந்துதல் என்றால் மெதுவான உந்துதல் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை.

எனினும் இந்த அடக்கம் முழுவதும் நாயின் உடலுக்குள் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2006-ல் அமண்டா ஜோன்ஸும் ராபர்ட் ஜோசப்ஸும் வெளியிட்ட ஆய்வு அஜிலிட்டிப் போட்டி ஒன்றிலேயே ஆண் போட்டியாளர்களிடமும் அவர்களுடைய நாய்களிடமும் நடத்தப்பட்டது. போட்டிக்கு முன் டெஸ்டோஸ்டிரோன் மிகுந்திருந்து, பின் தோற்றவர்களின் நாய்களில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் கூடுதலாக ஏறியது. 2019-ல் சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வு, 58 நாய்களின் முடியிலும் உரிமையாளர்களின் முடியிலும் நீண்டகாலக் கார்ட்டிசால் அளவு ஒத்துப்போவதைக் கண்டது. போட்டிகளுக்குப் போகும் நாய்களில் ஒற்றுமை இன்னும் வலுவாக இருந்தது. ஆய்வாளர்கள் கருத்தில், நாய்தான் மனிதரின் அழுத்தத்தைப் பிரதிபலிக்கிறது. நடுங்கும் கையோடு கயிற்றைக் கழற்றுபவர் நாயிடம் அமைதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதைப் பயிற்சியாளர்கள் இதற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

கவிஞரும் நாய்ப் பயிற்சியாளருமான விக்கி ஹெர்ன் 1986-ல் எழுதிய ‘ஆடம்ஸ் டாஸ்க்’, கட்டளை ஒருவழிப் பாதை அல்ல என்று வாதிட்டது; நாய்க்குச் செவிசாய்க்கத் தெரியாதவருக்கு அதன்மேல் கட்டளையிடும் உரிமை இல்லை. தம் நாயோடு அஜிலிட்டியில் ஓடிய டோனா ஹாராவே 2008-ல் வெளிவந்த ‘வென் ஸ்பீஷீஸ் மீட்’ நூலில் ஒருபடி மேலே போய், இருவரும் சேர்ந்து ஓடி ஓடித்தான் இருவருமாக ஆகிறார்கள் என்றார். இது கொஞ்சம் இனிப்பான பேச்சு. போட்டிக்கு வர விருப்பமா என்று நாயை யாரும் கேட்கவில்லை. கூண்டில் பலமணி நேரம் காத்திருந்து ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் ஏற்பாட்டை அது வகுக்கவும் இல்லை. விலங்குகள் ஆராய்ந்து தேர்வதில்லை என்று அரிஸ்டாட்டில் சொன்னது இங்கே அசையாமல் நிற்கிறது.

இதனால் ஒரு பொறுப்பு மனிதர் பக்கம் மிஞ்சுகிறது. துள்ளலும் குரைப்பும் மூச்சிரைப்பும் மகிழ்ச்சியிலும் வரும், தாங்க முடியாத அழுத்தத்திலும் வரும். வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். பிரித்தறிய உதவுபவை சிறு அடையாளங்கள். வீட்டில் ஆவலாகத் தின்னும் நாய் களத்தின் ஓரத்தில் தீனியை வாங்காமல் விடுகிறது, அல்லது விரலைச் சேர்த்துக் கடித்து வாங்குகிறது. ‘உட்கார்’ என்ற, குட்டியிலிருந்து தெரிந்த சொல் காதில் விழவில்லை. ஓட்டத்தின் நடுவே தடைகளை விட்டுவிட்டுக் களத்தை வட்டமடிக்கிறது, பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். குறும்பாகத் தோன்றும் இந்த வட்டம் பல நேரங்களில் குழப்பத்தின் விளைவு. இத்தகைய நாய்களுக்காக, மதிப்பெண் கேட்காமல் பொம்மையோடு களம் புகுந்து நான்கைந்து தடைகளை மட்டும் தாண்டவிட்டு வெளியேறும் வாய்ப்பைச் சில அமைப்புகள் இன்று தருகின்றன. தீனியை வாங்க மறுத்த நாயை அன்றைய இரண்டாம் சுற்றுக்கு அனுப்பாமல், கட்டிய கட்டணத்தையும் விட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்களும் உண்டு.