குழல்கள் ஆறு, குற்றம் யாருக்கு?

“துப்பாக்கி கண்டவர் நல்லவரா, கெட்டவரா, அய்யா?”

வகுப்பிலே ஒரு மாணவன் எழுப்பிய கேள்வி இது. கேலிக்குக் கேட்டவனல்லன்; ஐயம் தீரக் கேட்டான். அன்று மழுப்பினேன். மழுப்பியது உள்ளத்தை உறுத்திற்று. ஆராய்ந்தேன், கண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

ரிச்சர்டு கேட்லிங், 1818இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலே பிறந்தவர். உழவருக்கு விதைக்கும் கருவி சமைத்தவர், மருத்துவமும் பயின்றவர். 1861இல் அந்நாட்டிலே உள்நாட்டுப் போர் மூண்டது. வீரராகச் சென்றவர் பிணமாகத் திரும்பக் கண்டார். குண்டு குடித்த உயிரைவிட நோய் குடித்த உயிரே மிகுதி! அப்போரில் மாண்ட ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் நோய்க்கு இரையானவர்களே.

நெஞ்சு பதறியவர் கணக்கொன்று போட்டார். நூறு பேர் செய்யும் போரை ஒருவனே செய்யத்தக்க துப்பாக்கி கிடைத்தால், பெரும்படை எதற்கு? படை சிறுத்தால் சாவும் சிறுக்குமன்றோ? இந்நோக்கத்தை 1877இல் எழுதிய கடிதத்தில் அவரே கூறியுள்ளார். 1862இல் காப்புரிமை பெற்றார். கைப்பிடியைச் சுழற்றினால் ஆறு குழல்களும் சுழன்று, நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 குண்டுகளைக் கக்கின. விதை வரிசையாய் விழ வழி செய்த கை, சாவு வரிசையாய் விழவும் வழி செய்தது!

படை சிறுத்ததா? 1879இல் தென்னாப்பிரிக்காவின் உலுண்டியிலே, பெரும்பாலும் ஈட்டியும் கேடயமும் ஏந்தி வந்த சூலு மக்கள் மீது பிரிட்டிஷ் படை அதைத் திருப்பிற்று. 1914இல் மூண்ட உலகப் போரிலோ, எந்திரத் துப்பாக்கிகளும் பெருகின. படைகளும் இலட்சக்கணக்கில் பெருகின. ஒருவன் நூறு பேர் வேலையைச் செய்வான் என்றதும், எஞ்சிய தொண்ணூற்றொன்பது பேரை ஆளவந்தோர் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர்களையும் களத்திலே நிறுத்தினர்!

கேட்லிங் 1903இல் மறைந்தார், கருவி மறையவில்லை. 1946இல் அமெரிக்காவில் அதே தத்துவத்துக்கு மின்விசை பூட்டும் பணி தொடங்கியது. பிறந்தது ‘வல்கன்’, ஆறு குழல்கள், நிமிடத்துக்கு 6,000 குண்டுகள்! 1964இன் இறுதியில் வியட்நாமிலே, சரக்கு விமானமொன்றின் விலாவில் மூன்று சுழல் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டன. வட்டமிட்டபடியே அது குண்டு மழை பொழிந்தது.

“கத்தி கனியையும் அறுக்கும், கழுத்தையும் அறுக்கும்; கருவி மேல் பழியேன்?” என்பர். கத்திக்கு இரண்டு வேலை. இதற்கு ஒரே வேலைதானே! “முற்றுகையிடப்பட்ட காவல் அரண்களை அது காத்ததே!” என்பர். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் காத்த கருவியே கொன்ற கருவியும். எது காவல், எது கொலை என்பதைக் குழல் அறியாது. பிடித்தவனன்றோ அறிய வேண்டும்?

குழல் ஏன் ஆறு? ஒரே குழல் இடைவிடாது சுட்டால் கொதித்துக் கெடும். ஆறாயின், சூடு பங்கு போடப்படும், எதுவும் உருகாது. தோழர்களே, பழியும் அப்படித்தான்! செய்தவன், “நான் சுடவில்லை” என்கிறான். சுட்டவன், “ஆணை” என்கிறான். ஆணையிட்டவன், “அரசு” என்கிறான். அரசு, “மக்கள்” என்கிறது. மக்களோ, “நமக்கென்ன தெரியும்?” என்கின்றனர். பழி பங்காகிறது, எவன் நெஞ்சும் சுடுவதில்லை. இறந்தவனுக்கோ பங்கில்லை, முழுச் சாவும் அவனுக்கே!

எனவே மாணவனுக்கு இனி இப்படிச் சொல்வேன்: “தம்பி, அவர் கெட்டவரல்லர், இரக்கமுள்ளவர். ஆனால், ‘எப்படிச் செய்வது?’ என்று கேட்ட அளவுக்கு, ‘யார் கையில் சேரும்? யார் மீது திரும்பும்?’ என்று கேட்கவில்லை. பாதிக் கேள்வியோடு நிற்பது பகுத்தறிவாகாது. மீதிக் கேள்வியை நீ கேள். பழியில் உன் பங்கு வரும்போது, நெஞ்சு சுடட்டும்!”