யாருக்கோ போன கடிதம்

டிஜே ஷேடோவின் முதல் ஆல்பம் 'என்ட்ரொடியூசிங்' 1996இல் வந்தது. ஏறக்குறைய முழுக்கவே பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளால் ஆனது. ட்ரிப் ஹாப் கேட்கிறவர்கள் அதைத்தான் கொண்டாடுவார்கள். என்னைத் தொந்தரவு செய்வது 2002இல் வந்த இரண்டாவது ஆல்பமான 'தி பிரைவேட் பிரஸ்'. குறிப்பாக அதன் முதல் பாட்டு. அதைப் பாட்டுன்னு சொல்லவும் முடியாது. ஒரு பெண் பேசுகிறார், அவ்வளவுதான். தலைப்பு, 'லெட்டர் ஃப்ரம் ஹோம்'.

1940களின் அமெரிக்காவில், காசு போட்டால் குரலைத் தட்டில் பதிந்து தரும் கூண்டுகள் இருந்தன. வீட்டிலேயே பதியும் கருவிகளும் உண்டு. தூரத்தில் இருக்கிற மகனுக்கோ கணவனுக்கோ பேசி, தட்டைத் தபாலில் அனுப்புவார்கள். நம்ம வாய்ஸ் நோட் மாதிரிதான். என்ன, ஒரே ஒரு பிரதி.

இதே ஆல்பத்தின் 'சிக்ஸ் டேஸ்' பாட்டில், கர்னல் பேக்ஷாட் என்ற லிவர்பூல் குழு பாடியது ஒலிக்கிறது. அதில் எனக்குச் சங்கடமில்லை. முகம் தெரியாதவர்கள் கேட்கத்தானே அவர்கள் பாடினார்கள்! கடிதம் அப்படியா? அதற்குப் பெறுநர் ஒருவர்தான். அது நான் இல்லை.

"மறந்துபோயிருக்க வேண்டிய குரலைக் காப்பாற்றினாரே" என்பார்கள். இதை என்னால் சட்டென்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. மறக்கப்படுவதும் ஒருவருடைய உரிமைதான். சேர வேண்டியவரிடம் சேர்ந்துவிட்ட கடிதத்தைக் கிழித்துப் போட்டால் அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

சரி, யாருக்கு என்ன தீங்கு? பேசியவர் யாரென்று கேட்கிற நமக்குத் தெரியாது. தீங்கு என்றால் தீங்குபட்ட ஆள் வேண்டுமே. இங்கேதான் சிக்கிக்கொள்கிறேன். பெயர் தெரியாததால் அவர் அந்தரங்கம் தப்பித்தது. அதே காரணத்தால்தான் அவரிடம் யாரும் அனுமதி கேட்கவும் முடியாது. பெயரைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டால் மரியாதையா? இன்னும் மோசமாகிவிடும் என்றே படுகிறது.

ஆனாலும் ஹெட்போனில் கேட்கும்போது, நான் வேறொருவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். காதுக்குள் பேசுகிறவருக்கு அது தெரியாது. இதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஒட்டுக்கேட்பது என்ற பழைய சொல் போதும். ஒட்டுக்கேட்பவன் பேசுகிறவர் மேல் எவ்வளவு அன்போடு கேட்டாலும் அதற்குப் பெயர் ஒட்டுக்கேட்பதுதான்.

எல்லாத் தாளங்களும் அடங்கிய பிறகு, ஆல்பத்தின் கடைசியிலும் அதே தலைப்பில் ஒரு கடிதம் வருகிறது. ஒருமுறைகூட அதை நான் ஸ்கிப் பண்ணியதில்லை.