எந்தப் பள்ளிவாசல், அத்தா?

பிள்ளைகள் உள்ள வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டதென்று தொப்பியைத் தேடி வீடு முழுவதும் நாம் அலைந்தால், அதற்குள் ஒரு கோழிக்குஞ்சைப் படுக்க வைத்துத் தாலாட்டிக் கொண்டிருப்பான் மூன்று வயது மகன். ஒளுச் செய்யக் கற்றுக் கொடுத்த மறுநாள், வீட்டுப் பூனையின் முன்னங்கால்களைப் பிடித்துக் கழுவி, 'இதுவும் தொழட்டும்' என்று முஸல்லாவின் மேல் கொண்டுவந்து நிறுத்துவாள் மகள். ஸுஜூதுக்குப் போனால் முதுகு குதிரையாகிவிடும். இவற்றையெல்லாம் கண்டு ஒரு தகப்பன் சிரிக்கலாமா?

கூடாது என்பார்கள் சிலர். 'தகப்பன் என்றால் முகத்தில் கடுமை வேண்டும். சிரித்துவிட்டால் பிள்ளைக்குப் பயம் விட்டுப் போகும்' என்பது அவர்கள் கட்சி. இன்னும் சிலரோ, பிள்ளை என்ன செய்தாலும் சிரிப்பார்கள். பெரியவர்களை வாடா போடா என்றாலும் 'என்ன சூட்டிகை பாருங்கள்!' என்று வந்தவர்களிடம் சொல்லி மகிழ்வார்கள். இவ்விரண்டில் எது மார்க்கத்துக்கு நெருக்கமானது? இந்தக் கேள்வி நமக்கு எழுந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ரிக் வண்டி வீட்டுப் பிள்ளை

திருச்செங்கோட்டைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. சேலத்திலிருந்து பிரிந்து 1997இல் உருவான நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. மலை ஒருபுறம், விசைத்தறிச் சத்தம் ஒருபுறம். ஆனால் நாடெங்கும் இதன் பெயரைக் கொண்டு சென்றவை ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளே. ஆந்திரம், கர்நாடகம், மராட்டியம், மத்தியப் பிரதேசம் என்று தண்ணீர் இல்லாத இடமெல்லாம் இவ்வூர் வண்டிகள் நிற்கும். வண்டியோடு போகும் ஆட்கள் மாதக் கணக்கில் வீடு திரும்புவதில்லை. மழைக்காலத்தில் வேலை குறையும்போதுதான் பலருக்கும் ஊர் முகம்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் அப்படிப் போய், ஏழு மாதம் கழித்து வீடு வந்தார். பொம்மை, இனிப்பு, புதுத்துணி எல்லாம் வாங்கி வந்திருந்தார். நான்கு வயது மகன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான், ஒட்டிக்கொண்டான், முற்றத்தில் விளக்குமாற்றுக் குச்சியை நட்டு, வாயால் கம்ப்ரசர் சத்தம் போட்டு, 'இன்னும் தண்ணி வரலே, இன்னொரு ராடு இறக்குங்க' என்று தகப்பனாரையே வேலை வாங்கினான். மூன்றாம் நாள் காலை, அவர் மடியில் உட்கார்ந்தபடியே மரியாதையாகக் கேட்டானாம்:

"நீங்க எப்ப உங்க ஊட்டுக்குப் போவீங்க?"

வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்று இஷா தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது இதை நம்மிடம் வேடிக்கையாகத்தான் சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்கும்போது அவர் குரல் கம்மிவிட்டது. "பிள்ளைக்காகத்தான் போறேன். பிள்ளை என்னை விருந்தாளின்னு நினைச்சுக்கிட்டிருக்கு" என்றார்.

பிள்ளைகளின் வேடிக்கைப் பேச்சில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். அவர்களுக்குக் கேலி செய்யத் தெரியாது. கண்டதைச் சொல்கிறார்கள். அது நமக்குச் சிரிப்பாக வருகிறது. சிரித்து முடித்த பிறகு பார்த்தால் நம் முகமே அதில் தெரிகிறது.

நம் வீட்டுக் கதை

அந்தச் சகோதரருக்கு ஆறுதல் சொல்ல முற்பட்ட நமக்கு, நம் வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்து நாக்கு தடுமாறியது.

நம் இளைய மகளுக்கு அப்போது ஐந்து வயது. மாலையில் நாம் செருப்பைத் தேடினால் போதும், 'நானும் வர்றேன்' என்று காலைக் கட்டிக்கொள்வாள். பள்ளிவாசலுக்குப் போகிறோம் என்றால் மட்டும் விட்டுவிடுவாள். அவள் தாயார் அப்படிப் பழக்கியிருந்தார். இந்த வழி நமக்கு வசதியாகிவிட்டது. நண்பர்களோடு கடைவீதிக்குப் போகும் நாட்களிலும், 'பள்ளிவாசலுக்குப் போய்ட்டு வர்றேம்மா' என்று சொல்லித் தப்பித்து வந்தோம். பொய் என்று அது நமக்குத் தோன்றவேயில்லை. அழாமல் இருக்கச் சொன்ன சமாதானம் என்றே எண்ணியிருந்தோம்.

ஒரு நாள் மஃரிபு பாங்கு கேட்டு, உண்மையாகவே பள்ளிவாசலுக்குப் புறப்பட்டோம். வாசற்படியில் நின்று நிதானமாகக் கேட்டாள்:

"எந்தப் பள்ளிவாசல், அத்தா? புரோட்டா வாசம் அடிக்குமே, அந்தப் பள்ளிவாசலா?"

அடுக்களையிலிருந்து வந்த சிரிப்பொலி தெருமுனை வரை நம்மைத் துரத்தியது. நாமும் சிரித்துக்கொண்டுதான் நடந்தோம். ஆனால் தக்பீர் கட்டி நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. நாம் செய்திருந்தது என்ன? ஒரு சின்னஞ்சிறு பொய்க்கு அல்லாஹ்வின் வீட்டைத் திரையாகப் பிடித்திருக்கிறோம்! நாளை இந்தக் குழந்தை வளர்ந்து, 'பள்ளிவாசலுக்குப் போகிறேன்' என்று எவர் சொன்னாலும் முகர்ந்து பார்க்கும் மனம் பெற்றுவிட்டால், அதற்கு யார் பொறுப்பு?

அண்ணலார் காட்டிய வழி

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் தம் இளம்பருவத்தில் நடந்ததாகச் சொல்வது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வீட்டில் அமர்ந்திருக்கும்போது, தாயார் பிள்ளையை, ஒன்று தருவதாகச் சொல்லி அருகே அழைக்கிறார். என்ன தர எண்ணினாய் என்று கேட்கிறார்கள் பெருமானார். பேரீச்சம்பழம் என்கிறார் அத்தாய். ஒன்றும் தராமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாகவே உன்மீது எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரிக்கிறார்கள் அண்ணலார்.

சகோதரர்களே! கடன்காரனிடமோ நீதிமன்றத்திலோ சொன்ன பொய்யைப் பற்றிய எச்சரிக்கையன்று இது. ஒரு குழந்தையைக் கூப்பிடுவதற்குச் சொன்ன ஒரு சொல்லைப் பற்றியது. குழந்தைக்குக் கொடுத்த வாக்கும் வாக்குத்தான் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

ஆனால் இதைக் கொண்டு, விளையாட்டே கூடாது என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அதே பெருமானார்தாம் தம் பேத்தி, ஜைனப் (ரலி) அவர்களின் மகள் உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது வருகிறது. ஒரு தொழுகையில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால் ஸுஜூதை நீட்டியதையும், பின்னால் நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று திகைத்ததையும், பிள்ளையை அவசரப்படுத்த மனம் வரவில்லை என்று பெருமானார் விளக்கம் தந்ததையும் நஸயீயில் காண்கிறோம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி, சிறுவர் அபூ உமைர் வளர்த்த சிட்டு இறந்துபோய் வாடியிருந்தபோது, அவருடைய பெயரோடு இயையும்படி அந்தச் சிட்டின் பெயரைச் சேர்த்து விளையாட்டாக விசாரித்தார்கள். ஓர் உம்மத்தையே தாங்கியவர்களுக்கு ஒரு சிட்டின் சாவை விசாரிக்க நேரம் இருந்தது!

தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ இப்னு ஹாபிஸ் அவர்களுக்கு, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்றே பதில் கிடைத்தது. கடுமையே தகப்பனுக்கு அழகு என்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

பெருமானார் தோழர்களிடமும் வேடிக்கையாகப் பேசுவதுண்டு. ஆனால் அதிலும் உண்மையன்றி வேறு சொல்வதில்லை என்று தாமே விளக்கினார்கள் என்பதைத் திர்மிதி பதிவு செய்கிறது. ஆக, நம் கேள்விக்குரிய விடை இங்கே கிடைத்துவிடுகிறது. தகப்பன் சிரிக்கலாம், சிரிக்க வைக்கலாம். அந்தச் சிரிப்புக்கு அடியில் இரக்கம் இருக்க வேண்டும். பொய் இருக்கக் கூடாது.

பயமுறுத்தும் பொய்

சிரிப்புக்காகச் சொல்லும் பொய்யை விடவும் கெட்டது பயமுறுத்தச் சொல்லும் பொய். பூச்சாண்டி வருவான், டாக்டர் ஊசி போடுவார், போலீஸ் பிடிக்கும் என்பதோடு நம்மவர்கள் நிற்பதில்லை. 'அல்லாஹ் கண்ணைக் குத்திவிடுவான்' என்கிறார்கள்! நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மதரஸாவுக்குப் போகத் தொடங்கியிருந்த சிறுவன் இதைக் கேட்டுவிட்டு, "ரஹ்மான், ரஹீம்னு ஹஜ்ரத் சொன்னாங்களே, அது வேற அல்லாஹ்வா?" என்று கேட்டிருக்கிறான். அங்கேயும் எல்லாரும் சிரித்தார்கள். பதில் மட்டும் எவரும் சொல்லவில்லை. ஒரு கவளம் சோறு ஊட்டுவதற்காக, அளவற்ற அருளாளனைப் பூச்சாண்டியின் இடத்தில் நிறுத்துவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

அப்படியானால் கண்டிப்பு?

'எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தால் பிள்ளை உருப்படுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கும் அண்ணலாரின் வாழ்வில் பாடம் இருக்கிறது. ஸதகாவாக வந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றைச் சிறுவர் ஹஸன் (ரலி) வாயில் போட்டுக்கொண்டார். நபியின் குடும்பத்துக்கு ஸதகா ஆகாது. 'பிள்ளைதானே' என்று பெருமானார் விட்டுவிடவில்லை. 'கிக், கிக்' என்று, குழந்தையைத் துப்பச் செய்வதற்குரிய குழந்தைச் சொல்லையே சொன்னார்கள். நாம் ஸதகாப் பொருளை உண்பதில்லை என்று காரணத்தையும் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இச்செய்தியில், சட்டம் பெரியவர்களுக்கு உள்ளதேதான்; மொழி மட்டும் குழந்தையின் மொழி. அடியும் இல்லை, வசையும் இல்லை, சலுகையும் இல்லை.

நாமோ தலைகீழாகச் செய்கிறோம். தெருவில் கேட்ட கெட்ட வார்த்தையைப் பிள்ளை முதன்முறை வீட்டில் சொல்லும்போது மழலை என்று சிரிக்கிறோம். நாம் சிரித்ததால் அதே வார்த்தையை விருந்தினர் முன்னால் சொல்கிறது, கன்னத்தில் அறைகிறோம். சிரித்துக் கற்றுக் கொடுத்தவரும் நாமே, அடித்துக் கேட்பவரும் நாமே! குழந்தை எதை நம்பும்? தவற்றைக் கண்டு முதல்நாளே சிரிக்காமல் இருந்திருந்தால், இரண்டாம் நாள் அறைய வேண்டிய தேவை வந்திராது.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை ஸூரா ஓதும்போது தடுக்கி விழுந்த இடத்தை, வந்தவர் போனவரிடமெல்லாம் அதன் காதுபடச் சொல்லிச் சிரிப்பது. பிள்ளையோடு சேர்ந்து சிரிப்பது அன்பு. பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது அதற்கு அவமானம். அந்தப் பிள்ளை அடுத்த முறை ஓத வாய் திறக்காது.

பதினோரு புளியங்கொட்டை

ரிக் வண்டிச் சகோதரர் என்ன செய்தார்? தொழிலை விட்டுவிட அவரால் முடியாது. வீட்டில் உலை வைக்க வேண்டுமே. மழைக்காலம் முடிந்து மறுபடியும் புறப்பட்டார். ஆனால் வழக்கமாகச் சொல்லும் 'நாளைக்கு வந்துடறேன்' என்பதைச் சொல்லவில்லை. ஒரு டப்பாவில் பதினோரு புளியங்கொட்டையைப் போட்டு, ஜும்ஆவுக்கு ஜும்ஆ ஒன்றை எடுத்துவிடு, டப்பா காலியானதும் அத்தா வருவேன் இன்ஷா அல்லாஹ் என்று மகனிடம் சொன்னார். எவ்வளவு களைப்பாயிருந்தாலும் மாலையில் செல்போனில் அவனோடு பேசினார்.

ஒரு வாரம் டப்பாவில் கணக்குக் குறைந்தது. விசாரித்தால், பையன் ஒரே ஜும்ஆவில் மூன்றை எடுத்து மறைத்துவிட்டிருக்கிறான், அத்தா சீக்கிரம் வரட்டும் என்று! இதைக் கேட்டு அவர் வண்டியடியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாராம். கூட இருந்தவர்கள் அவர் அழுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு வேலை நீண்டுவிட்டது. சொன்ன நாளில் வர முடியாது என்று தெரிந்ததும், மனைவியிடம் சொல்லிச் சமாளிக்கச் சொல்லவில்லை. தாமே மகனிடம் பேசி, 'அத்தா தப்பாக் கணக்குப் போட்டுட்டேன், இன்னும் ரெண்டு கொட்டை போட்டுக்க' என்றார். பையன் கோபித்துக்கொண்டான், திட்டினான். ஆனாலும் இரண்டு கொட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டான். தகப்பன் சொல்லில் அவனுக்கு நம்பிக்கை இருந்தது. அவர் வந்து சேர்ந்த அன்று, 'எப்ப உங்க ஊட்டுக்குப் போவீங்க' என்று அவன் கேட்கவில்லை. வாசலில் நின்று, "என் அத்தா வந்துட்டாரு" என்று தெருவுக்கே சொன்னான்.

நம் வீட்டிலும் ஒரு மாற்றம். கடைவீதிக்குப் போனால் கடைவீதி என்றே சொல்கிறோம். அழுகை இருக்கிறது, சில நாள் அவளையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, செலவும் கூடுகிறது. ஆனால் பள்ளிவாசலுக்குப் புறப்படும்போது 'எந்தப் பள்ளிவாசல்' என்ற கேள்வி இப்போது வருவதில்லை.

நம் பிள்ளைகளின் சிரிப்பை நமக்குக் கண் குளிர்ச்சியாகவும், நம் சொற்களை அவர்கள் நம்பத்தக்க உண்மையாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.