உள்ளத்தைப் பிளந்து பார்த்தவர் யார்?

மார்க்க விஷயங்களில் கருத்து வேற்றுமை எழுவது புதுமையன்று. அது எழும்போது நம் நாவும் பேனாவும் எங்ஙனம் நடந்து கொள்கின்றன என்பதே நாம் ஆராய வேண்டிய வினா. ஒரு மஸ்அலாவில் தொடங்கும் பேச்சு, சற்று நேரத்தில் பேசியவரின் ஈமானுக்குத் தாவி விடுகிறது. ‘இவர் சொல்வது பிழை’ என்று தொடங்கியவர், ‘இவர் வழிகெட்டவர்’ என்று முடிக்கிறார். பின்னர் ஸலாம் நின்று விடுகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் கூட ஒருவர் வீட்டு நிக்காஹுக்கு மற்றவர் செல்வதில்லை.

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப்போர் முடிந்ததும், பனூ குறைளாக்களின் இருப்பிடத்தை அடைந்தே அஸர் தொழ வேண்டுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களைப் பணித்தார்கள். வழியிலேயே அஸர் நேரம் வந்துற்றது. விரைந்து செல்வதே கட்டளையின் நோக்கமெனக் கொண்ட சிலர் அங்கேயே தொழுதனர். சொல்லை உள்ளவாறே கொண்ட சிலர், சென்று சேர்ந்த பின்னரே தொழுதனர். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் இரு சாராரில் எவரையும் கடிந்து கொள்ளவில்லை.

ஆனால், வேறொரு சமயம் கடுமையாகக் கடிந்து கொண்டார்கள். போர்க்களத்தில் கலிமா மொழிந்த ஒருவனை, அச்சத்தால் மொழிந்தான் என எண்ணி உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்கள் கொன்று விட்டார்கள். அவன் உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரோ என நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப வினவினார்கள். அன்றுதான் தாம் இஸ்லாத்தைத் தழுவியிருக்கலாகாதா என உஸாமா (ரலி) ஏங்குமளவுக்கு அவ்வினா சுட்டது. களத்தில் வாளேந்தி நின்றவருக்கே இக்கண்டனமெனில், நிழலில் அமர்ந்து பிறர் ஈமானை அளக்கும் நாம் எம்மாத்திரம்?

அங்ஙனமாயின் பிழையைப் பிழையெனக் கூறலாகாதா? கூறலாம், கூறவும் வேண்டும். இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்கள் தம் ஆசான் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முடிவுகள் பலவற்றை மறுத்தார்கள். ஆசான் மீதிருந்த மதிப்போ குன்றவில்லை. சுப்ஹில் குனூத் ஓதுவது ஸுன்னத் என்பது அவர்களின் முடிவு. ஆயினும், பக்தாதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தருகே தொழுதபோது, அப்பெரியாரின் மாண்பு கருதி அதனை ஓதாது விட்டார்கள் என்று கூறப்படுகிறது.

இப்பண்பு நமக்கு அந்நியமன்று. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரையூர்களில் ஷாஃபியீ மத்ஹபினர் மிகுதி. உள்நாட்டூர்களில் ஹனஃபீகள் மிகுதி. உள்நாட்டிலிருந்து வந்த ஹனஃபீ, கரையூர்ப் பள்ளியில் ஷாஃபியீ இமாமின் பின்னே சுப்ஹு தொழுகிறார். இமாம் குனூத் ஓதுகையில் கைகளைத் தொங்கவிட்டு மௌனமாக நிற்கிறார். இமாம் ஸுஜூதுக்குச் செல்கையில் தாமும் உடன் செல்கிறார். அந்த மௌனத்தில் அவர் தம் மத்ஹபையும் விடவில்லை, ஜமாஅத்தையும் விடவில்லை.

கருத்தை எடைபோடும் உரிமை கற்றோர்க்குண்டு. உள்ளத்தை எடைபோடும் உரிமையோ தீர்ப்பு நாளின் அதிபதிக்கு மட்டுமே உரியது. வாதத்திற்கு வாய் திறக்குமுன் இவ்வெல்லையை உணரும் பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் நல்கியருள்வானாக! ஆமீன்.